முன்னுரிமைக் கழகத்தின் ஆபரேட்டிங் சிஸ்டம்

திண்டுக்கல் நாகல் நகரில், கீழே ஜெராக்ஸ் கடையும் பாத்திரக் கடையும் இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் மாவட்டப் பாசன மின்னிணைப்பு முன்னுரிமைக் கழகம் இயங்கி வந்தது. கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கொடுப்பது கழகத்தின் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். பதிந்து வைத்திருக்கும் விவசாயிகளில் யாருக்கு முந்திக் கொடுக்கலாம், யாருக்குப் பிந்திக் கொடுக்கலாம் என்று சொல்வது மட்டும்தான் கழகத்தின் பொறுப்பு. இதற்காகத் தனி அலுவலர் ஒருவரும், கண்காணிப்பாளர் ஒருவரும், எழுத்தர்களும், அந்த எழுத்தர்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்க இன்னொரு எழுத்தரும் இருந்தார்கள். உண்மையில் யார் முந்தி, யார் பிந்தி என்று தெரிந்தது அங்கே இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அது வாயைத் திறந்து நாலரை வருஷம் ஆகியிருந்தது.

2004ஆம் வருஷம் பங்குனி மாதம், சித்தையன்கோட்டையிலிருந்து நாகஜோதி அந்த மாடிப்படி ஏறி வந்தாள். மழை பொய்த்த மூன்றாவது வருஷம் அது. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். புருஷன் கண்ணுசாமி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மாமியார் ஒச்சம்மாளும் அவளும் தென்னங்கன்றுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். கன்றுகள் இன்னும் பாளை விடவில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் இல்லை. அடியில் ஒரு ஊற்று நிற்காமல் கசிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாளி போட்டு இறைத்து மாளாத ஆழம். டீசல் எஞ்சின் வைத்தும் கட்டுப்படியாகவில்லை. மின்மோட்டார் வாங்கிச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். போஸ்ட் நட்டாயிற்று, கம்பியும் மோட்டார் ரூம் வாசல் வரைக்கும் இழுத்தாயிற்று. "கழகத்துல முன்னுரிமைச் சீட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்கக்கா, அன்னைக்கே கனெக்சன் குடுத்துட்டுப் போறேன்" என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கழகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். உள்ளே பளபளவென்று நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. நான்கிலும் யாரோ சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூலையில், மணிச்சத்தம் மட்டும்தான் குறை என்கிற மாதிரி, ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பட்டுத்துணி மேல் சதுரமாக, கறுப்பாக ஒரு பொருள் வீற்றிருந்தது. மேலே ஒரு செம்பருத்திப் பூ.

கண்காணிப்பாளர் செபாஸ்தியம்மாள் நல்ல மனுஷி. எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. "சிஸ்டம் இல்லம்மா" என்றார்.

"இம்புட்டு இருக்கேக்கா?"

"இதெல்லாம் புதுசு. நம்ம புரோகிராம் பழசு. புதுசுல அது ஓடாது."

"அப்ப பழசு?"

"அந்தா, துணி போட்டு மூடியிருக்குல்ல, அதான் பழசு. நல்லாத்தான் இருக்கு. ஆனா அது எந்திரிக்கணும்னா காலையில ஒரு பிளாப்பி போட்டு எழுப்பி விடணும். ஆபரேட்டிங் சிஸ்டம் அதுலதான் இருந்துச்சு. வண்டி இருக்கு, சாவி இல்லைன்னு வச்சுக்கயேன்."

"சாவி எங்கக்கா போச்சு?"

செபாஸ்தியம்மாள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

நடந்தது இதுதான். 1999ஆம் வருஷத்து ஆயுத பூஜைக்கு முன்னால் தனி அலுவலர் செழியன் ஒரு சுற்றறிக்கை விட்டார். அலுவலகத்தின் எந்தக் கருவியும் விடுபடாமல் சந்தனம் குங்குமம் வைக்கப்பட வேண்டும், விடுபட்டால் சம்பந்தப்பட்ட எழுத்தரே பொறுப்பு. எழுத்தர்கள் பயந்துபோய் ஸ்டேப்ளருக்கு வைத்தார்கள், குண்டூசி டப்பாவுக்கு வைத்தார்கள், கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கும் வைத்தார்கள். பிளாப்பிக்கு மேலே பொட்டு வைத்த எழுத்தர் ஜெரோமிடம், "மேலோடு வைத்தால் போதுமா? உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள்" என்றார் செழியன். ஜெரோம் கிறிஸ்தவர். மற்றவர்களுடைய சாமி விஷயத்தில் குறை வைத்துவிடக் கூடாது என்று கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டார். பிளாப்பியின் தகரக் கதவை விரலால் நகர்த்தி, உள்ளே மின்னிய தட்டில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் நிதானமாகப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தார். மறுநாள் முதல் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அதற்கு முன்பே இழுத்து மூடப்பட்டிருந்தது. கழகம் தமிழில் எழுதிய கடிதம், அந்த ஊரில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. பிறகு ஒரு குழு அமைத்தார்கள். குழு பிளாப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் பரிந்துரை செய்தது. இரண்டாயிரம் பிறந்தபோது உலகமெங்கும் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடுமோ என்று பதறினார்கள் இல்லையா, அந்தப் பதற்றத்தில் துளியும் பாதிப்புக்கு ஆளாகாத அலுவலகம் என்று கழகத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதுவும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது.

பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கடைசியாக அச்சடித்த வரிசைப் பட்டியல் பழுப்பேறித் தொங்கியது. நாகஜோதி அதை மேலிருந்து வாசித்தாள். முதல் பெயரே அவள் மாமனார் பெயர்.

"அக்கா! எங்க மாமா பேருதான் மொதல்ல இருக்கு, கருப்பணன்! அவரு தவறிட்டாரு. நெலத்தை என் பேருக்குத்தான் எழுதி வச்சாரு. பேரு மாத்துன காயிதமும் இருக்கு. இதைப் பார்த்து ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா என்ன?"

"அது காயிதம் சொல்றதும்மா. சிஸ்டம் சொல்லணும்."

"இது சிஸ்டம் அடிச்ச காயிதந்தானக்கா?"

"அது அப்பச் சொன்னது. இப்ப என்ன சொல்லும்னு யாருக்குத் தெரியும்?"

விஷயம் தனி அலுவலரிடம் போயிற்று. செழியன் மேடைப் பேச்சாளர். வீட்டில் தண்ணீர் கேட்பதற்கும் மேடைத் தமிழில்தான் கேட்பார் என்று ஒரு பேச்சு உண்டு. நாகஜோதியை உட்காரச் சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றார்.

"அம்மா, முன்னுரிமை என்பது நெருப்பு. ஒருவருக்குத் தவறாகக் கொடுத்தால் ஆயிரம் கேள்வி எழும். எவருக்குமே கொடுக்காவிட்டால் ஒரு கேள்வியும் எழாது. நான்கரை ஆண்டுகளாக இந்தக் கழகத்தின் மீது ஒரு தணிக்கைக் குறிப்பு உண்டா? ஒரு புகார் உண்டா? முன்னுரிமைச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நாளொரு புகார். இன்றோ அமைதி! இந்த அமைதியை உங்கள் ஒருவருக்காக நான் குலைக்கலாமா?"

"கன்னெல்லாம் காயுதுங்கய்யா."

"காய்வது இயற்கை. நீங்கள் கவலைப்படாதீர்கள். புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறோம்."

நாகஜோதிக்கு அதில் பாதி விளங்கவில்லை. ஆனால் வாங்கப்போகிறார்கள் என்பது விளங்கியது. அந்த நம்பிக்கையோடு பஸ் ஏறினாள்.

சித்திரையில் மறுபடி வந்தாள். ஒச்சம்மாள் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்ட சமயம் அது.

ஒப்பந்தப்புள்ளி முடிந்திருந்தது. அதில் ஒரு சிக்கல். பயன்படுத்திய பொருளைக் கழகம் வாங்கக் கூடாது என்று விதி. பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் தவிர வேறெதிலும் புரோகிராம் ஓடாது. இரண்டுக்கும் இசைவாக, 'புத்தம் புதிய, இதுவரை யாரும் பயன்படுத்தாத, பழைய ஆபரேட்டிங் சிஸ்டம், மூன்றாண்டு உத்தரவாதத்துடன்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கழகத்துக்கு நாற்காலி முதல் விளக்குமாறு வரை எல்லாம் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்தான் இதிலும் வந்தார். அவர் ஒரு இரும்பு பீரோவை இறக்கிவிட்டுப் போனார். நல்ல கனமான பீரோ, திண்டுக்கல் பூட்டு போட்டது. குழு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, 'பொருள் புதியது, உறுதியானது, ஆபரேட்டிங் சிஸ்டம் கிடைத்ததும் உள்ளே வைக்க ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அதற்கிடையில் ஊழியர்கள் எல்லோரும் கொடைக்கானலுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய்விட்டு, ஏரியில் படகு விட்ட போட்டோக்களுடன் திரும்பியிருந்தார்கள்.

"பீரோ வந்துருச்சும்மா" என்றார் செபாஸ்தியம்மாள், பாதி வேலை முடிந்த நிம்மதியோடு.

நாகஜோதி படி இறங்கி வந்து கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையாக வந்தது. அழவும் செய்தாள். ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டர் போட்டு இன்டர்நெட் சென்டரும் நடத்திவந்த ஜெய்தூன் பீவி, கடை வாசலில் ஒரு பொம்பளை உட்கார்ந்து அழுதால் வியாபாரம் என்ன ஆவது என்று எழுந்து வந்து, காரணம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அட, இதுக்கா? செத்த உள்ள வாக்கா. இதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு. புது கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும். பழைய புரோகிராம் அதை நம்பி எந்திரிச்சிரும். ஆபரேட்டிங் சிஸ்டமும் எங்கயாச்சும் கெடைக்கும். தபால்தலை சேக்குற மாதிரி இதைச் சேத்து வைக்கிற கிறுக்கனுக உலகத்துல நெறையப் பேரு இருக்கானுக."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. சீட்டு வருமா?"

"சீட்டு அவுங்க குடுக்கணும். சிஸ்டத்தை நான் எழுப்பித் தாரேன். மாடியில இருக்க அந்தத் தனி ஆபீசரு மாசக்கணக்கா எங்கிட்டத்தான் ஓசியில ஜெராக்ஸ் எடுக்குறாரு, பழைய கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற டிஸ்க்கைக் காப்பி பண்ணிக்கிறேன்னு நான் கேட்டா மறுக்க முடியாது."

ஜெய்தூன் பீவி சொன்னபடியே செய்தாள். பின்லாந்து தேசத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பத்திரப்படுத்தி, வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்தார். அடுத்த வாரம் நாகஜோதி வந்தபோது கடைக் கம்ப்யூட்டரின் திரையில் கறுப்பாக ஒரு கட்டம் திறந்து, பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடிவந்து நின்றன. கழகத்தின் பெயர் வந்தது. நாகஜோதி கையெடுத்துக் கும்பிட்டாள். எதைக் கும்பிட்டோம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

செழியன் கீழே இறங்கி வந்து அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பழையது புதியதற்குள் இருக்கிறது, அப்படித்தானே?"

"ஆமா சார்."

"மாடியில் இருக்கும் புதியதை அரசு கழகத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. அதற்குள் இன்னொன்றைக் குடிவைத்தால் அது உள்வாடகை. அரசு ஒதுக்கிய இடத்தை உள்வாடகைக்கு விடக் கூடாது, விட்டால் நடவடிக்கை உண்டு. மேலும் இதை அந்தப் பின்லாந்துக்காரர் இலவசமாகத் தருகிறார் என்கிறீர்கள். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கலாமா? நாளை அவர் சித்தையன்கோட்டையில் ஒரு கிணறு வெட்டி முன்னுரிமை கேட்டால் நான் எப்படி மறுப்பேன்?"

நாகஜோதி விட்டுவிடவில்லை. அந்த வாரம் முழுக்கத் தினமும் வந்து அவர் அறை வாசலிலேயே நின்றாள். பேசவில்லை, நின்றாள். நாலாம் நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சட்டப் புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்தார். உள்வாடகை கூடாதே தவிர, விருந்தினராகத் தங்கலாம். புதிய கம்ப்யூட்டர், பழைய கம்ப்யூட்டரை விருந்தினராக ஏற்றுக்கொள்வதாக முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் தயாரானது. புதியதன் சார்பில் ஜெரோம் கையெழுத்திட்டார். பழையதன் சார்பில் செபாஸ்தியம்மாள். சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டதால் நாகஜோதியிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவள் சந்தோஷமாகப் போட்டாள்.

வைகாசியில் கழகத்தில் தொடக்க விழா. கம்ப்யூட்டர் திரையின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். பொட்டு வைக்க வந்த எழுத்தரை ஜெய்தூன் பீவி கையைப் பிடித்து நிறுத்தினாள். செழியன் ஒரு மணி நேரம் பேசினார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. "இந்தக் கழகம் இல்லாவிட்டால் நான் யார்? நான் இல்லாவிட்டால் இந்தக் கழகத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டார். ரிப்பன் வெட்டினார்கள். கறுப்புக் கட்டம் திறந்தது. புரோகிராம் தேதி கேட்டது.

ஜெரோம் அன்றைய தேதியைத் தட்டினார். வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் அது வாங்கும். பூஜ்யம் நாலு என்று கொடுத்தார். புரோகிராம் அதை 1904 என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது.

"என்ன சொல்கிறது?"

"இந்தத் தேதியில அப்படி ஒரு கழகமே இல்லைங்குது சார்."

1999க்குப் பிறகு ஒரு வருஷம் இருக்கக்கூடும் என்று அந்தப் புரோகிராமுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"தேதியைப் பின்னாடி தள்ளிக் குடுத்தா ஓடும் சார்" என்றாள் ஜெய்தூன் பீவி. "தொண்ணூத்தொம்பதுன்னு போடுங்க. பேருங்க அப்படியே வரும்."

நாகஜோதிக்குக் கண் மலர்ந்தது. தொண்ணூற்றொன்பது என்றால் அவள் மாமனார்தான் முதல் ஆள்.

செழியன் கையை உயர்த்தினார். "தொண்ணூற்றொன்பது எத்தனை நாளைக்கு வரும்? ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும். மறுபடி இதே விழா, இதே அவமானம். அரசுப் பணியில் தொலைநோக்கு வேண்டும். எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போங்கள். கழகம் தொடங்கியது எப்போது?"

"தொண்ணூத்தொண்ணு சார்."

"அதைப் போடுங்கள்."

ஜெரோம் போட்டார். புரோகிராம் உடனே திறந்துகொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். செழியன் சத்தமாக அறிவித்தார்: "கழகத்துக்கு இன்று 1991." பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியது போல, மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டார்: "அப்படியானால் என் ஓய்வுக்கு இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருக்கின்றன."

செபாஸ்தியம்மாள் வாயில் வைத்த பஜ்ஜியை எடுத்துவிட்டார். "அப்ப எங்க சம்பளம் சார்? அதுவும் தொண்ணூத்தொண்ணு சம்பளமா?"

இதைப் பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். வெளியே வந்தபோது இரண்டு காலண்டர் மாட்டப்பட்டன. மனு வாங்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், பொதுமக்கள் நிற்கும் இடத்தில், 1991. அந்தப் பக்கம், ஊழியர்கள் உட்காரும் இடத்தில், 2004. சம்பளம், அகவிலைப்படி, பண்டிகை முன்பணம் எல்லாம் அந்தப் பக்கத்துத் தேதிப்படி. மனு, சீட்டு, முன்னுரிமை எல்லாம் இந்தப் பக்கத்துத் தேதிப்படி. தனி அலுவலர் சம்பள விஷயத்தில் ஊழியர் என்றும், ஓய்வு விஷயத்தில் மட்டும் பொதுமக்களில் ஒருவர் என்றும் ஏகமனதாக முடிவானது.

நாகஜோதி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள்.

"சீட்டுக் குடுங்கக்கா."

செபாஸ்தியம்மாள் திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "உங்க பேரு ரொம்பக் கீழ இருக்கேம்மா. முன்னாடி ஏகப்பட்ட பேரு இருக்காங்க."

"அவுங்களுக்கெல்லாம் குடுத்தாச்சேக்கா! எங்க ஊர்லயே பாதிப் பேரு மோட்டார் ஓட்டிக்கிட்டு இருக்காங்க!"

"அது பின்னாடி நடக்கப்போறதும்மா" என்றார் ஜெரோம். "இன்னும் நடக்கல."

சத்தம் கேட்டு செழியன் அறையை விட்டு வந்தார். அவளுடைய காகிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாரிசுச் சான்றைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"விண்ணப்பதாரர் கருப்பணன். இவர் இறந்தது 2000 என்று போட்டிருக்கிறது. கழகத்தின் தேதிப்படி அவர் நலமாக இருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போது நீங்கள் எப்படி வரலாம்? அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

நாகஜோதி அவர் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

"அவரை எங்கய்யா போய்க் கூட்டிட்டு வாறது?" என்றாள். கருப்பணன் அவளை மருமகளே என்று கூப்பிட்டவர் இல்லை. பெற்ற பிள்ளையைப் போல அப்பு என்றுதான் கூப்பிடுவார். கடைசிக் காலத்தில் பாயில் கிடந்தபோதும், தினமும் அவள் சோற்றுத் தட்டோடு வரும்போது, கரண்டு ஆபீசிலிருந்து ஆள் வந்தானா என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த மனுஷனைப் போய்க் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

"சரி, நீங்கள் 1991இல் எங்கே இருந்தீர்கள்?"

"நத்தத்துல. எங்கப்பா வீட்டுல. பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தேன்."

"பார்த்தீர்களா! நத்தத்துப் பள்ளி மாணவிக்கும் சித்தையன்கோட்டைக் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்? திருமணம் முடித்துவிட்டு வாருங்கள்."

அதற்கு மேல் நாகஜோதியால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"என்னய்யா பேசுறீக நீங்க? தொண்ணூத்தொண்ணுன்னா எனக்கு எதுக்குய்யா ஓங்க கரண்டு? அப்பயெல்லாம் எங்க கெணத்துல குனிஞ்சு கையால மொண்டுக்கிற மாதிரி தண்ணி கெடந்துச்சாம்ல! ஊரே வந்து குளிக்குமாம்ல! அந்தத் தண்ணி இருந்தா நான் எதுக்கு இங்கன வந்து நிக்கிறேன்?"

செழியனின் முகத்தில் வெளிச்சம் பரவியது. பல மாதங்களில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

"ஜெரோம், எழுதிக்கொள்ளுங்கள். மேற்படி கிணற்றில் கையால் மொள்ளும் அளவுக்கு நீர் இருப்பதால் மின்னிணைப்பு தேவையில்லை என்று நேரில் தெரிவிக்கப்பட்டது."

"அய்யா, நான் அப்படிச் சொல்லல!"

"சொன்னீர்களம்மா. எல்லோரும் கேட்டோம்."

"இப்பத்தான எனக்கும் அந்தக் கெணத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னீக?"

"வேண்டும் என்று கேட்பதற்குத்தான் சம்பந்தம் வேண்டும். வேண்டாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதைக் கழகம் மதிக்கும்."

ஜெரோம் தட்டினார். புரோகிராம் நிஜமாகவே நன்றாக வேலை செய்தது. கருப்பணனின் பெயர் ஒரு நொடி மினுங்கிவிட்டு மறைந்தது. பின்லாந்துக்காரர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். ஜெய்தூன் பீவி, "யோவ், என்னய்யா பண்றீங்க?" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். அவள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் 1991இல் அவளுக்குக் கடையே கிடையாது என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

அன்று மாலைக்குள் ஒரு செய்திக்குறிப்பு தயாரானது. கழகம் கம்ப்யூட்டர் மயமான முதல் நாளிலேயே ஒரு மனு முழுமையாகத் தீர்வு கண்டது என்றும், மனுதாரர் தரப்பு நீர்வளத்தோடு மகிழ்ச்சியாக இருப்பதாகவும் அதில் இருந்தது. விழாவுக்கு வாங்கிய லட்டு மீதி இருந்தது. செபாஸ்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகஜோதிக்கும் ஒன்று கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

நாகஜோதி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. ஒச்சம்மாள் இடுப்பு வலியோடு எழுந்து, ஒரு கன்றின் தூரில் செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே, மோட்டார் ரூம் வரைக்கும் வந்து நின்ற கம்பியில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"என்னத்தா, சீட்டுக் குடுத்துட்டாகளா?"

"இல்லத்தை. நமக்குக் கரண்டு வேண்டாமாம். பேரை எடுத்துட்டாக."

"ஏனாம்?"

"நம்ம கெணத்துல கைக்கெட்டுற மாதிரி தண்ணி கெடக்காம். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாக."

ஒச்சம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். படித்தவர்கள், பெரிய ஆபீஸ்காரர்கள், அவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய், கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.